மண் பூசிய அடுப்பு

கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவில் தெமெலினாவின் ஈஸ்டர் கறியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆட்டுக்குட்டிக்குள் அரிசியும் ஈரலும் திணித்துப் பானையில் அடைப்பாள். சனிக்கிழமை மாலை அதை முற்றத்துச் சூளையடுப்புக்குள் தள்ளி, அடுப்பின் வாயை மண் குழைத்துப் பூசிவிடுவாள். மறுநாள் மதியம்வரை யாரும் தொடக்கூடாது.

இந்த ஞாயிறு, மகள் குடும்பம் மேசையில் காத்திருக்க, கணவர் சக்கெல்லாரிஸ் கடப்பாரையால் மண்ணை உடைத்தார். உள்ளே வெறும் சாம்பல். பானை சமையலறை மூலையில் துணி போர்த்தியபடி இருந்தது. பச்சைக் கறி நாறியது. போன மாதம் தெமெலினா பேத்தியின் பெயரை மறந்தாள், இப்போது இது.

"எந்த முட்டாள் வெறும் அடுப்பை மூடினது?" என்று தெமெலினா கத்தினாள்.

"நான்தான்டி. வயசாச்சில்ல, மூளை மழுங்கிப்போச்சு."

"உங்களைக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கையின் நகக்கண்ணெல்லாம் காய்ந்த மண்.