வீடு மாற்றும் வண்டியும் நாலு பக்க விடையும்

வாடகை வீட்டில் குடியிருப்பவருக்குக் கட்டிலைக் கழற்றத் தெரிந்திருக்கும். கழற்றிய கட்டிலைச் சந்தில் திருப்பத் தெரிந்தால் அது ஒரு தொழில். திருவொற்றியூரில் நான் செய்தது அந்தத் தொழில்தான். சொந்தமாக 'குட்டியானை' என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். சாமான் தூக்க என்னோடு தாஸ் அண்ணன். பீரோவின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு 'மெதுவா, மெதுவா' என்று கத்தியிருக்கிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் எம்.ஏ. வரலாறு. கடைசித் தேர்வில், 'பண்டைய மக்கள் இடம்பெயர்ந்ததற்கான புவியியல், பொருளாதாரக் காரணங்களை விளக்குக' என்று ஒரு கேள்வி வந்தது. நாலு பக்கம் எழுதினேன். மார்க் வந்தது, வேலை வரவில்லை. வேலையை நான் மறந்துவிட்டேன், கேள்வி என்னை மறக்கவில்லை. சாமான் ஏற்றும்போது எந்தக் குடும்பமாக இருந்தாலும், எதுக்கு வீடு மாத்தறீங்க என்று கேட்டுவிடுவேன். கேட்டதைச் சாயங்காலம் வீட்டில் ஜோதியிடம் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஜோதி என் மனைவி. ஒரகடத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அப்பாலும் போக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் பிடித்துவிடுவாள். பக்கத்திலேயே குடி வந்துவிட்டால் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று கம்பெனியில் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் சொல்லும் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, நாம எப்போ போறோம் என்பாள். பார்க்கலாம் என்பேன்.

உப்பு

எர்ணாவூரில் ஒரு அம்மா வீடு மாற்றினார். சாமான் கொஞ்சம், குடங்கள் பதினாலு. பிளாஸ்டிக் குடத்தை ஒன்றுக்குள் ஒன்று சொருக முடியாது. வண்டியில் பாதி இடம் காற்றுக்கே போய்விட்டது. போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது, வாயில் வைக்க முடியவில்லை என்றார். எனக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சுமேரியாவில் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிப் பாய்ச்சி நிலத்தில் உப்பு ஏறியது, கோதுமை பொய்த்தது, ஜனங்கள் நல்ல மண்ணைத் தேடி வடக்கே நகர்ந்தார்கள் என்று குடம் குடமாக ஏற்றிக்கொண்டே சொன்னேன்.

வண்டி கிளம்பியது. மூன்றே தெரு தள்ளி நிறுத்தச் சொன்னார். இங்கேயும் அதே உப்புத் தண்ணீர்தானேம்மா, இதற்கு எதற்கு வண்டி என்று கேட்டேன். அந்த அம்மா பக்கத்து வீட்டு வாசலைக் காட்டினார். அங்கே தண்ணீர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"நீ சொல்றவங்கல்லாம் ஆத்தைத் தேடிக்கினு போனாங்க நைனா, நான் லாரி டிரைவரு வூட்டாண்ட வந்துட்டேன், ஆறு வத்தினாலும் வத்தும், இவன் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துதானே ஆவணும்?"

மேய்ச்சல் நிலம்

வியாசர்பாடியில் குமார் என்பவர் பந்தயப் புறா வளர்ப்பவர். குறைந்த வாடகைக்குப் பெரிய மொட்டை மாடி கிடைத்தது என்று திருவொற்றியூருக்கு வந்தார். புல்வெளி மக்கள் ஆடு மாடுகளுக்குப் புல் தேடிப் போனது போலத்தான் இதுவும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கூண்டுகளை மாடியில் இறக்கிவிட்டு அவர் கீழே போனார். நாற்பது புறா, நல்ல வெயில். பாவம், மூச்சு முட்டுமே என்று கொஞ்சம் காற்றுக்காகக் கதவைத் திறந்தேன். கொஞ்சம் திறப்பது என்பது புறாவுக்குத் தெரியாதாம்.

மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நாற்பதும் தெற்கே பார்த்துப் போயின. தாஸ் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வியாசர்பாடி போனோம். பழைய மாடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. புதிதாகக் குடி வந்தவர் அரிசி வேறு போட்டுக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். குமார் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"வாடகைய கொறச்சா மனுசன் கெளம்பிடுவான் மாமு, புறாவுக்கு அதெல்லாம் சொல்லிக்கினு இருக்க முடியாது."

மக்கள்தொகைப் பெருக்கம்

புறாவே போக மாட்டேன் என்கிறது பார் என்று அன்று ஜோதியிடம் சொன்னேன். புறா விடியற்காலையில் பஸ்சில் நின்றுகொண்டு போவதில்லை என்றாள். நான் பேச்சை மாற்றிப் புளியந்தோப்புக் கதைக்கு வந்தேன்.

அங்கே ஒரு குடியிருப்பில் ஒற்றை அறை, எட்டுப் பேர். பெரிய மகனுக்குக் கல்யாணம் ஆகி, அவன் தனியாகப் போகிறான். கிரேக்க நாட்டில் மலை அதிகம், விளைநிலம் கம்மி. ஆள் பெருகப் பெருக ஒரு கூட்டத்தைக் கப்பலேற்றிக் கடல் தாண்டி அனுப்பிவிடுவார்கள். இது அச்சு அசல் அதேதான் என்று நினைத்துக்கொண்டு, எந்த ஊருக்கு வண்டி விடணும் என்று மகனிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா பின்பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினார். ஜன்னலைத் திறந்தால் சட்னி கிண்ணத்தைக் கைமாற்றிக் கொடுக்கலாம், அவ்வளவு பக்கம்.

தூக்கிக்கொண்டு நடந்தாலே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தாஸ் அண்ணன் நியாயமாகச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சாமானை ஏற்றி, மெயின் ரோட்டுக்குப் போய், கோயிலைச் சுற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு பின்பக்கமாக வரச் சொன்னார். அப்படியே செய்தோம். தெருவே வாசலுக்கு வந்து கையசைத்து வழியனுப்பியது, பின்னாலேயே நடந்து வந்து வரவேற்கவும் செய்தது.

"கையில தூக்கினு போனா மாமியா மருமவ சண்டைம்பாங்க, வண்டில போனாத்தான் புள்ள முன்னேறிட்டான்னு சொல்வாங்க."

கடல் வணிகம்

ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, உடன்குடிப் பக்கத்துக்காரர். கடையும் வீடும் சேர்த்து மணலிப் பக்கம் புதிதாக எழும்பிய குடியிருப்புக்கு மாற்றினார். எனக்கு மனசே கேட்கவில்லை. துறைமுகம் பக்கத்தில், ரயில் பக்கத்தில், மொத்த வியாபாரிகள் கூப்பிடு தூரத்தில். இதை விட்டுவிட்டு டேங்கர் லாரிகள் போகிற பாதையில் என்ன வியாபாரம் நடக்கும்? மத்தியதரைக் கடலில் வணிகம் செய்த பினீசியர்களின் கதையை எடுத்துவிட்டேன். அவர்களுக்குப் பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் துண்டு நிலம். அதனால் கப்பல் கட்டி, நல்ல சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் குடியேறினார்கள் என்றேன்.

அவங்க என்ன யாவாரம் என்று கேட்டார் அண்ணாச்சி. மரம், சாயத்துணி, கண்ணாடி என்றேன். எதிர்க்கடைக்காரரைப் பற்றி விசாரித்தவர் போலத் தலையாட்டிக்கொண்டார். பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து, இந்த ஒரு தெருவில் எத்தனை மளிகைக் கடை என்று என்னையே எண்ணச் சொன்னார். பதினொன்று வந்தது. போகிற இடத்தில் எத்தனை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, ஒன்றுகூட இல்லை.

"சரக்கு கெடக்க எடத்துக்கு எதுக்குவே போவணும், சரக்கு இல்லாத எடத்துக்குல்லா போவணும்!"

இந்தக் கதைக்கு மட்டும் ஜோதி, நாம எப்போ என்று கேட்கவில்லை. அண்ணாச்சி சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஒரு திருவொற்றியூர் பார்ட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெரம்பூரில் ஒரு வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு வந்தோம். இன்னொரு சவாரி இருக்கிறது, திருவொற்றியூர் பார்ட்டி, தூரத்து டிராப், போனில் பேசிவிட்டேன் என்றார் தாஸ் அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்து லெஃப்ட், ரைட் என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். என் தெருவுக்குள்ளேயே திருப்பச் சொன்னார். அட, நம் தெருவில் யார் காலி செய்கிறார்கள், எனக்குத் தெரியாமல் என்று பார்த்தேன்.

வாசலில் சாமான்கள் அடுக்கியிருந்தன. கண்ணாடிச் சாமானைப் பழைய புடவையில் சுற்றி, மிக்ஸியை அரிசி டிரம்முக்குள் வைத்து, கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டு, தொழில் தெரிந்தவர் கட்டின மூட்டைகள். இப்படி எல்லா பார்ட்டியும் இருந்தால் நமக்கு ஏது கஷ்டம் என்று வாய்விட்டே பாராட்டினேன். அப்புறம்தான் மேலே இருந்த சட்டம் போட்ட படத்தைப் பார்த்தேன். அது என் எம்.ஏ. பட்டம்.

ஜோதி ஒரு கையில் சாமி படமும் ஒரு கையில் உப்பு ஜாடியுமாக வாசலில் நின்றாள். அந்த இரண்டும் கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும் என்பது நான் எல்லா வீட்டிலும் சொல்கிற பாடம். ஒரகடத்தில் வீடு பார்த்து, இங்கே வீட்டுக்காரரிடமும் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் முதல் ஷிப்டில் அவள் சூப்பர்வைசராக நிற்க வேண்டும். தெருவில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோபம் வந்தது என்று எழுதினால் பொய். பயம்தான் வந்தது. இந்தப் பக்கத்தில் எந்தச் சந்தில் வண்டி திரும்பும், எந்தப் படியில் பீரோ ஏறாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அங்கே ஒரு சந்துகூடத் தெரியாது. ஆறு மாதமாக நான் சொன்ன 'பார்க்கலாம்' எல்லாம் இந்தப் பயத்துக்கு நான் வைத்திருந்த பெயர்தான். அவள் இருட்டில் எழுந்து பஸ்சுக்கு ஓடியதைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. தாஸ் அண்ணன் விலாவில் இடித்து, எல்லாரையும் கேப்பியே, இவங்களையும் கேளு மாமு என்றார். எதுக்கு வீடு மாத்தறீங்க என்று கேட்டேன். 

"சரக்கு இல்லாத எடத்துக்குப் போவணும்னு நீதானே வந்து சொன்ன? அங்க தெனம் ஒரு குடும்பம் வந்து எறங்குது, வண்டியெல்லாம் மெட்ராஸ்லேர்ந்துதான் வருது. வூடு மாத்தற வண்டி அந்தத் தெருவுல ஒண்ணு கூட கெடையாது, நான் விசாரிச்சுட்டேன், ஏறு."

பண்டைய மக்கள் வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் வணிகத்துக்குமாகக் கிளம்பினார்கள் என்று நான் எழுதிய நாலு பக்கமும் சரிதான். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருத்தி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பாள், ஒருத்தன் 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டியிருப்பான் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன்.