சிறுத்தை இல்லை, புலிப்பூனை

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தாள். எழுபதுகளின் நடுவில் நான் மதுரையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது தேயிலைக் காட்டில் ஒரே கூச்சல். தேயிலைத் தூரில் புள்ளி போட்ட மூன்று குட்டிகள். ஒன்றை அதற்குள் அடித்துக் கொன்றிருந்தார்கள். மற்ற இரண்டுக்கும் கங்காணி கம்பை ஓங்கியிருந்தார்.

"சிறுத்தைக் குட்டி. உசுரோட விட்டா தாய் வந்து பொம்பளைகளக் கிழிச்சிரும்."

குறுக்கே போய் உட்கார்ந்தேன். குட்டிகளின் மூக்கிலிருந்து நெற்றிக்கு இரண்டு வெள்ளைக் கோடுகள் ஏறின.

"சிறுத்தை இல்ல மாமா, புலிப்பூனை. பெலிஸ் பெங்காலென்சிஸ்."

அன்றைய பாடப் புத்தகங்களில் அதுதான் பெயர். பிற்பாடு மாற்றிவிட்டார்கள்.

"அதென்ன மந்திரமா?" என்றார் கங்காணி. பெண்கள் சிரித்தார்கள்.

"பெலிஸ்னா பூனைச் சாதி. சிறுத்தைக்கு மொதப் பேரு பாந்தெரா. ரெண்டும் வேற வேற."

"பேரு வேறயா இருந்தா கடிக்காதோ?"

உண்மையில் நான் புலிப்பூனையைப் பார்த்தது ஒரே தடவை, கல்லூரிக் கண்ணாடிப் பெட்டிக்குள், பஞ்சடைத்து, நிறம் வெளுத்து. தப்பாக இருந்தால்? ஆனால் செத்துக் கிடந்த குட்டியைப் பார்த்ததும் எழுந்துபோக மனம் ஒப்பவில்லை.

"தாய் வர்ற வரைக்கும் நான் இங்கனயே இருக்கேன். சிறுத்தையா வந்தா என்னையத்தான மொதல்ல கடிக்கும்? அதுவரைக்கும் யாரும் தொடாதீக."

கங்காணி அம்மாவிடம் திரும்பினார். "ஒம் மகளக் கூட்டிட்டுப் போ."

அம்மா முதுகுக் கூடையை இறக்கிவைத்தாள். "அவ வரமாட்டா. நானும் இருக்கேன்."

குட்டிகளை விட்டுச் சற்று மேலே ஏறி இருவரும் உட்கார்ந்தோம். மற்றவர்கள் கம்புகளோடு ரோட்டில் நின்றார்கள். பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியது. என் காலில் ஏறிய அட்டைகளை அம்மா பிடுங்கிப் போட்டாள். வேலை முடிந்தும் ஒருவரும் லயத்து வீடுகளுக்குப் போகவில்லை.

வெளிச்சம் மங்கும்போது செடிகளுக்கு இடையில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. வீட்டுப் பூனை அளவுதான், கால் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு போயிற்று. மறுபடி வந்தபோது செத்த குட்டியை மோந்து, வெகுநேரம் நக்கியது. பிறகுதான் உயிரோடிருந்ததைத் தூக்கியது. ரோட்டில் கம்புகள் தாழ்ந்தன.

கங்காணி இறங்கி வந்தார். "பூனைதான்" என்றார். செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் தானே குழி தோண்டி அந்தக் குட்டியைப் புதைத்தார்.

லயத்துக்கு நடக்கையில் அம்மா கேட்டாள்: "நெசமாவே ஒனக்குத் தெரியுமா புள்ள?"

"பாதிதான்மா தெரியும்."

"அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிக் கூடையை என் முதுகில் மாட்டினாள்.