சாமி படத்துக்கு முன்னால் மறந்துவிட்டு வந்த சார்ஜிங் அட்டை

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு மின்சாரக் காரில் போகலாமா என்று கேட்டு மாதத்துக்கு நாலு வாசகர்களாவது எனக்கு எழுதுகிறார்கள். போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் எங்களைப் போலப் போகாதீர்கள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் என் கணவர் சேகரும் போய்ச் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போனது ரதியின் மகன் கஜனின் கல்யாணத்துக்கு. ரதி யாழ்ப்பாணத்துக்காரி. பத்து வயது மகனோடு படகில் வந்து, தற்காலிக விசாவில் சிட்னி ஹோம்புஷில் எங்களுக்கு எதிர் ஃபிளாட்டில் இருந்தாள். அவளுக்கு மாலை நேர வேலை. அதனால் கஜனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என் பொறுப்பு. நான் அலுவலகம் முடிந்து ரயிலைப் பிடித்து ஓடி வர வேண்டும். "நான் வர்ற வரைக்கும் அங்கயே நில்லு கண்ணா, யார் கூப்பிட்டாலும் போகாத" என்று தினமும் காலையில் சொல்லி அனுப்புவேன். அப்படியே நிற்பான். "ரொம்ப நேரமா நிக்கிறியா?" என்று கேட்டால், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே "இல்ல அன்ரி, இப்பத்தான்" என்பான். எல்லோரும் போய் வாசலே வெறிச்சென்று இருக்கும், பொய்யைப் பாருங்கள்!

பிறகு அவர்கள் மெல்பேர்னில் நோபல் பார்க்குக்குக் குடிபோனார்கள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எங்கள் பழைய பெட்ரோல் காரில் புளிசாதமும் ஃபிளாஸ்க்கில் காப்பியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். எந்த ஊரில் வேண்டுமானாலும் நிறுத்தி, பெட்ரோல் போட்டு, ஒரு நோட்டை நீட்டிவிட்டுப் போகலாம். நீ யார், உன் கடவுச்சொல் என்ன என்று எந்தப் பெட்ரோல் பங்கும் கேட்டதில்லை. வழியெல்லாம் ரதி போன் செய்து "எங்க நிக்கிறியள்?" என்பாள்.

இந்த முறை எங்கள் கையில் இருந்தது கூறைப்புடவை. மாப்பிள்ளை வீட்டார் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் முகூர்த்தப் புடவை அது. நான் திருச்சிக்குப் போயிருந்தபோது காஞ்சிபுரம் வரை போய் எடுத்து வந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அதையும் தாலியையும் மெல்பேர்னின் கேரம் டவுன்ஸ் கோயிலில் வைத்துப் பூசை செய்ய வேண்டும். "மீனாக்கா, கூறையை நீங்கள்தான் தட்டில வைக்கோணும். ஏழரைக்குப் பூசை, அதுக்கு முதல் வந்திடுங்கோ" என்று ரதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முன்கூட்டியே போகலாம் என்றால், கூறைக்கு ரவிக்கை தைத்து வந்ததே வியாழன் மாலைதான்.

வெள்ளி அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஹோம்புஷிலிருந்து கேரம் டவுன்ஸ் ஏறக்குறைய 910 கிலோமீட்டர். எங்கள் கார் நெடுஞ்சாலையில் ஒரு சார்ஜுக்கு 330 கிலோமீட்டர் ஓடும். கோல்பர்ன், கண்டகாய், ஆல்பரி என்று மூன்று நிறுத்தம், கடைசியாக சீமோரில் கொஞ்சம் என்பது சேகரின் திட்டம். பல நிறுவனங்களின் சார்ஜர்களில் தொட்டாலே ஓடும் ஒரே அட்டையை ஒரு மாதம் ஆராய்ச்சி செய்து வாங்கி வைத்திருந்தார். ஜெர்மனியில் இருக்கும் என் நாத்தனார் அப்படி ஓர் அட்டையோடு மூன்று நாடு சுற்றி வந்தாளாம். அண்ணனுக்கு ரோஷம்.

கோல்பர்னில் காரை நிறுத்திவிட்டுச் சட்டைப்பை, பர்ஸ், சீட்டுக்கு அடி எல்லாம் தேடினார்.

"என்னங்க, கார்டு எங்க?"

"நேத்து சாவியோட சேர்த்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சேன். குங்குமம்கூட வச்சேன்."

"சாவிய எடுத்தீங்க. கார்டு?"

மறுபடியும் சட்டைப்பையைத் தடவினார். சாமி பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், ஹோம்புஷில்!

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு செயலி. கோல்பர்னில் ஒரு நிறுவனம், கண்டகாயில் வேறு. பெயர், மின்னஞ்சல், வங்கி அட்டை, கார் எண், கைபேசிக்கு வரும் ரகசிய எண், எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. ஒன்று முன்பணம் போட்டால்தான் வாயைத் திறக்கும். பழைய நாட்களில் காப்பி குடித்துக்கொண்டு கதை பேசிய அதே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு குறியும் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஆல்பரியில் எங்களுக்கு முன்னால் மூன்று கார்கள். வரிசையில் நின்றதிலேயே நேரம் போனதால், முழுதாக ஏற்றாமல் எல்லை ஆற்றைத் தாண்டி விக்டோரியா மாநிலத்துக்குள் போனோம்.

மூன்றே முக்காலுக்கு சீமோர். பேட்டரியில் ஒன்பது சதவீதம். இருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்று பழுது. இன்னொன்று செயலியைத்தான் கேட்டது. பதிவு செய்தோம், பணம் கட்டினோம், "தொடங்க முடியவில்லை" என்றது. என் போனிலும் முயன்றோம். அதே பதில். வங்கி அட்டை தேய்க்கும் கருவி இருந்தது, திரைதான் இருண்டு கிடந்தது. உதவி எண்ணில் பாட்டு ஓடியது. கோயிலுக்கு இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர். மடியில் கூறை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சேகரைத் திட்டவும் செய்தேன், அது தனி.

நாலு மணிக்கு ரதி அழைத்தாள். "எங்க நிக்கிறியள்?"

சொன்னேன். அந்தப் பக்கம் கசமுசா. பிறகு கஜனின் குரல். "அன்ரி, லொக்கேஷன் அனுப்புங்கோ. நான் வாறன்."

"டேய், நாளைக்கு உனக்குக் கல்யாணம்! மாப்பிள்ளை வெளிய வரக் கூடாதுடா. வேற யாரையாவது அனுப்பு."

"நான் வாற வரைக்கும் அங்கேயே நில்லுங்கோ" என்றான். வைத்துவிட்டான். பின்னால் ரதி "ஐயோ, இவன் வெளிக்கிட்டுட்டான்!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

ஐந்தரைக்கு அவனுடைய பெட்ரோல் கார் வந்து நின்றது. நான் கூறைப் பையை நீட்டினேன். "கொண்டுபோப்பா, நேரமாச்சு. நாங்க மெதுவா வர்றோம்."

அவன் பையை வாங்கவில்லை. காரின் முன்கதவைத் திறந்தான். "Come on அன்ரி, ஏறுங்கோ. கூறையை மட்டும் கொண்டுபோறதெண்டா கூரியர்க்காரன் போதுமே. நான் உங்களைக் கூட்டத்தான் வந்தனான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டான். "கனநேரம் நிண்டனீங்களோ?"

"இல்ல கண்ணா" என்றேன். "இப்பத்தான்."

அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

கோயிலுக்குள் நுழைந்தபோது ஏழு இருபது. கூறையை நான்தான் தட்டில் வைத்தேன். மகனை ஏச வாய் திறந்த ரதி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீமோரில் காரோடு விட்டுவந்த சேகருக்கு ஒருவழியாக உதவி எண்ணில் ஆள் கிடைத்து, அங்கிருந்தே சார்ஜரை இயக்கிக் கொடுத்தார்களாம். பொங்கலும் வடையும் தீர்வதற்குள் வந்து சேர்ந்தார். என் பக்கம் வராமல் நேரே பந்தியில் போய் உட்கார்ந்தார், பாவம்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: செயலிகளையெல்லாம் வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, பணமும் போட்டுவிடுங்கள். இருபது சதவீதத்துக்குக் கீழே போகுமுன் நிறுத்துங்கள். வழிச் செலவு எழுபது டாலர் போல ஆகும், பெட்ரோலைவிடக் குறைவுதான். அட்டையைச் சாமிக்கு முன்னால் வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெருமுனை தாண்டுமுன் ஒரு தடவை பையைத் தொட்டுப் பாருங்கள். ஒரே அட்டை எல்லா ஊரிலும் எல்லா சார்ஜரிலும் வேலை செய்யும் காலம் சீக்கிரம் வரட்டும். அது வரைக்கும், வழியில் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதோடு, கூப்பிட்டால் வருகிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்றும் பார்த்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.