கடைசி வரியிலிருந்து படித்தவன்

தாமோதரன் இறந்த செய்தி நம் பழைய அலுவலக வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் தி. நகரில் சிக்னலில் நின்றிருந்தேன். மாரடைப்பு என்றிருந்தது. வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல மனுஷன்தான். ஆனா நம்ம சாரை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கவுத்துட்டான்." அந்த சார் நான். அதனால்தான் இதைக் குழுவில் உள்ள உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

தாமு பட்டினப்பாக்கத்துக்காரன். அவன் அம்மா அங்கே மீன் கடை போட்டிருந்தார். கிண்டி அலுவலகத்தில் நாங்கள் எழுதும் நிரல்களைச் சோதிப்பது அவன் வேலை. எதையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பான். ஸ்விட்ச் என்றால், அதாவது இது வந்தால் இதைக் காட்டு என்று கேஸ் கேஸாக அடுக்கிய நிரல் என்றால், நேராகக் கடைசியில் இருக்கும் டீஃபால்ட்டுக்குப் போவான். மேலே எழுதிய எந்தக் கேஸிலும் அடங்காதது வந்து விழும் இடம் அது. "மேல கீறதெல்லாம் உனக்குத் தெரிஞ்சது நைனா. தெரியாததுக்கு இன்னா எழுதிக்கீறன்னு பாக்கறேன்" என்பான். பெரிய கல்லூரியில் படித்த என்னை அவன் நைனா என்பது எனக்குப் பிடிக்காது.

அடையாறில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு, ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டும் இணையப் பக்கம் செய்தோம். இயந்திரம் ஒரு குறியீடு அனுப்பும். என் ஸ்விட்ச் அதை 'அதிகம்', 'குறைவு' என்று மாற்றும். டீஃபால்ட்டில் விழும் மற்றதெல்லாம் பச்சை எழுத்தில் 'நார்மல்'. தொடக்க நாளில் மருத்துவர்கள் முன்னால் அதை இயக்கிக் காட்டும் பொறுப்பு தாமுவுக்கு. ரத்தம் உறைந்துவிட்டது, சோதிக்க முடியவில்லை என்பதற்கான குறியீட்டைத் தட்டினான். என் பட்டியலில் அது இல்லை. திரையில் பச்சையாக நார்மல் என்று வந்தது. மூத்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சோதிக்காத ரத்தம் எப்படி சார் நார்மல்?"

எனக்கு வரவிருந்த பதவி வேறொருவனுக்குப் போனது. நான் கேட்டுக்கொண்டபடி தாமுவை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். ஒன்பது வருடம் அவனோடு பேசவில்லை.

நீங்கள் அறியாதது ஒன்று. அந்தத் தொடக்க நாள் காலையே அவன் என் மேசைக்கு வந்தான்.

"டீஃபால்ட்ல தெரியலன்னு போடு நைனா. ஒரு வரிதான். நார்மல்னு பாத்தா ஜனம் வூட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கிடும்."

தட்டிப் பார்ப்பதுதான் உன் வேலை, எனக்குப் பாடம் எடுப்பதல்ல என்றேன். அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"அப்ப அங்க டாக்டருங்க முன்னாடியே தட்டிப் பாக்கறேன்" என்று போய்விட்டான்.

பிறகு நீங்களெல்லாம் அவனைக் காலை வாரியவன் என்றபோதும் இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அத்தனை பேர் முன்னால் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் என்னைக் கவிழ்க்கவில்லை. அவனுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு வரி. அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு ஸ்விட்சின் கடைசியிலும் 'தெரியவில்லை' என்றுதான் போடுகிறேன். அதையும் அவனிடம் சொல்லவில்லை.