நாற்பது வாட்ஸ்

இரும்புலியூரில் எங்கள் வீட்டுப் பின்னறையை அம்மாவின் தம்பி ஆக்கிரமித்திருந்தார். வீட்டிலிருந்தே ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேச லைசன்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர். இரண்டு வருடமாக ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வீடே கட்டியிருக்கலாம் என்பாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் பவரை அளக்கும் நாள் வந்தது. ஏரியல் ஒயர் மாட்ட வேண்டிய இடத்தில் மாமா ஒரு நாற்பது வாட்ஸ் பல்பை மாட்டினார். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பல்பு, வீட்டுக் கரண்டில். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் எரிந்தால் டிரான்ஸ்மிட்டரும் நாற்பது வாட்ஸ். எரிந்தன. இனி மைக்கில் பேசினால் வெளிச்சம் ஏற வேண்டும் என்று சொல்லி, என்னை எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார்.

ஓரெட்டு எட்டு என்றேன். பல்பு பளிச்சென்று ஏறி இறங்கியது. என் குரல் வெளிச்சமாகிறது. டிரான்ஸ்மிட்டரில் பேசினால் கடல் தாண்டியும் கேட்கும் என்று மாமா சொல்லியிருந்தார். மஸ்கட்டில் வேலை பார்த்த அப்பாவுக்கும் கேட்கும் என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். அதனால் ஏழெட்டில் தடுமாறியதும், மானம் போய்விடும் என்று நிறுத்திவிட்டேன்.

மாமா அடுப்படியிலிருந்து அம்மாவை இழுத்து வந்தார். எதையாவது விடாமல் பேசினால் போதும் என்றார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி மைக்கை வாங்கினாள்.

"வெளியில யாருக்கும் கேக்காதே?"

"ஏரியலே மாட்டலக்கா. நீ பேசுறதெல்லாம் பல்புலயே எரிஞ்சு போயிடும்."

கூச்சப்படுகிறவளைப் பேசவைக்க மாமா விடும் புளுகு என்று நினைத்தேன்.

அம்மா மண்ணெண்ணெய் க்யூவில் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பல்பையே பார்த்துப் பேச ஆரம்பித்தாள். குரல் ஏறிக்கொண்டே போனது.

"நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னு எழுதி எழுதிக் கை வலிக்குதுங்க. நான் நல்லா இல்ல. வந்துடுங்க."

பக்கத்துப் பல்பு அழுதுவடிய, அம்மாவின் பல்பு கண்ணைக் கூச வைத்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பல்பைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்தார்.

அன்றிலிருந்து அப்பாவின் பதிலுக்குக் காத்திருந்தேன். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. நீங்கள் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி என்று தொடங்கியிருந்தார். அத்தனையும் கேட்டுவிட்டு இப்படி எழுத எத்தனை கல்நெஞ்சு வேண்டும் என்று பொருமினேன்.

மறுவருடம் லீவில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளை தன்னை மறந்துவிட்டதாக அப்பா வருத்தப்பட்டார். நாங்கள் எப்படி இருந்தோம் என்று அம்மாவிடம் கேட்டார். நல்லாத்தான் இருந்தோம் என்று சொல்லிவிட்டு அவள் காபி கலக்கப் போனாள்.

அம்மாவின் பேச்சு அந்த அறையைத் தாண்டவே இல்லை என்பதும், தாண்டாது என்பதால்தான் அவள் பேசினாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.