துணி அடைத்த மணி

வீட்டில் நான், மனைவி, பேத்தி. பேத்தி கதைப் புத்தகம் வாசித்தாள். அதில் ஒரு பசு தன் கதையைத் தானே சொன்னது. எனக்கு எங்கள் செவலைப் பசு நினைவுக்கு வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, பத்தாங் பெர்ஜுந்தாய் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் எங்களுக்கு நாலு மாடு. செம்பனைக் கன்றைக் கடிக்கிற மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவதாக, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லியிருந்தார். மேயும் இடம் தெரியக் கூடாதென்று அப்பா கழுத்து மணிகளில் துணி அடைத்தார்.

அன்று நல்ல மழை. வாய்க்காலெல்லாம் வெள்ளம். பொழுது சாய்ந்தும் மாடுகள் வரவில்லை. செவலை நிறைசினை வேறு.

"மணிச் சத்தம் கேக்குதாடா?" என்றார் அப்பா.

"நீங்கதான அதுங்க வாய அடைச்சீங்க!" என்று அம்மா கத்தினாள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினோம். கடைசியில் மாடுகள் தாமாகவே நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தன. அம்மா செவலையைத் தேடி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அப்பா ஒவ்வொரு முதுகாகத் தொட்டு எண்ணினார்.

மூன்று.