அப்பா குரலுக்கு வாங்கின பெட்டிகள்

கேசட் ஓடத் தொடங்கியதும் அப்பாவின் குரல் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். காய்ந்த சோளத்தட்டைக் காட்டுக்குள் காற்றுப் புகுந்த மாதிரி மெல்லிசாக 'சர்ர்' என்று இரையும். அது கேட்டால் போதும், அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்துவிடுவாள். பிறகு அப்பா, "சாமி, நல்லா இருக்கறயா?" என்பார். சாமி என்றது என்னைத்தான். எங்கள் பக்கம் கும்பிடுகிற தெய்வத்தையும் பெற்ற பிள்ளையையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அப்பா திருச்செங்கோட்டு 'ரிக்' வண்டியில், பாறையைத் துளைத்து ஆழக் குழாய்க் கிணறு இறக்கும் போர் போடும் வேலைக்குப் போனவர். வண்டி வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பாது. ஊரில் போன் கிடையாது, அப்பாவுக்கு எழுதவும் அவ்வளவாக வராது. அதனால் வண்டிக்காரர்கள் எல்லோரும் கேசட்டில் பேசி வைத்திருப்பார்கள். லீவில் வருகிறவர் ஒரு மஞ்சள் பையில் அத்தனை பேர் கேசட்டையும் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பார். எங்களுக்கு வந்ததைப் பெரியப்பா வீட்டு டேப்பில் போட்டுத்தான் கேட்க வேண்டும். அங்கே பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள், பால் வாங்க வந்தவர்கள் என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அப்பா, "உங்கம்மா நேரத்துக்குச் சாப்புடறாளா சாமி?" என்று கேட்டால் பெரியம்மா அம்மாவின் விலாவில் இடிப்பார். அம்மா தலை நிமிர மாட்டாள். புருஷன் பேச்சை ஊரோடு உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்கிற கூச்சம் அவளுக்கு.

அது அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஒரு முறை வரும்போது பம்பாயிலிருந்து ஒரு 'ஸ்டீரியோ செட்' கொண்டுவந்தார். அதோடு வந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் லாரியில் குழாய்களுக்கு இடையில் நசுங்கிப்போயின. "பொட்டி ரெண்டும் சேலத்துல நீங்களே பாத்து வாங்கிக்கோங்க, காதுக்கு எது சொகமா இருக்குதோ அதை வாங்குங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடியும் வடக்கே போய்விட்டார்.

அடுத்த கேசட் வந்தபோது அம்மா அதைப் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பையில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். கடைவீதியில் அந்தக் கடை முழுக்கப் பெட்டிகளாக அடுக்கியிருந்தது, புது மரப்பலகையும் வார்னிஷும் மணத்தது. கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டு நெஞ்சு அதிரும்படி வைத்தார். அம்மா, பாட்டு வேண்டாமுங்க, இதைப் போடுங்க என்று எங்கள் கேசட்டை நீட்டினாள். "பேச்சுக் கேக்கறதுக்கா அக்கா இவ்வளவு பெரிய பாக்ஸு? அவரு அங்கிருந்து கத்தினாலே கேக்குமே" என்று கடைக்காரர் சிரித்தார்.

முதல் ஜோடியில் அப்பா கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். இரண்டாவது ஜோடியை மாட்டியதும் நான் திடுக்கிட்டேன். அப்பா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நடுவில் ஒரு இருமல் வந்தது, இருமி முடித்த பிறகும் உள்ளே ஏதோ அரைபட்டது, முறத்தில் மணலைப் போட்டு அசைக்கிற மாதிரி. அம்மா முகம் சுண்டிப்போனது. திருப்பிப் போடச் சொல்லி இன்னொரு தடவை அதே இடத்தைக் கேட்டாள். அப்புறம், "இது அவரு இல்லீங்க, வேற காட்டுங்க" என்றாள்.

மூன்றாவது ஜோடி வழவழவென்று இருந்தது. குரலில் எண்ணெய் தடவி நீவிவிட்ட மாதிரி, எந்த எழுத்தும் குத்தவில்லை. இருமல்கூட யாரோ அடுத்த வீட்டில் இருமுவதுபோல அமுங்கிப்போயிற்று. கடைக்காரர் என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, "பொட்டியப் பாக்காத பாப்பா, ரெண்டுக்கும் நடுவுல பாரு" என்றார். பார்த்தேன். பெட்டிகள் இரண்டும் ஊமையாகிவிட்டதுபோல இருக்க, ஒன்றுமே இல்லாத அந்த நடு இடத்தில் அப்பா நின்று பேசினார். நான் "இதுதான்" என்றேன். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையே கட்டச் சொன்னாள்.

ஆனால் நேரே வீட்டுக்கு வரவில்லை. திருச்செங்கோட்டில் இறங்கி, பெட்டிகளை அடிவாரத்தில் ஒரு பூக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, வெயிலில் படியேறி மலைக்கோயிலுக்குப் போனோம். அர்த்தநாரீசுவரர் முன்னால் அம்மா வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். புதுச் சாமான் வாங்கினதற்காகக் கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பெட்டிகளை வைக்கச் சாமி மாடத்துக்கு இரண்டு பக்கமும்தான் இடம் இருந்தது. வைத்துக் கேசட்டைப் போட்டதும் அப்பாவின் குரல் மாடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் படத்துக்குள்ளிருந்து வந்தது. அம்மா பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, படத்தை எடுத்துச் சமையலறைச் சுவரில் மாட்டினாள். காலியான மாடத்துக்கு முன்னால் அப்பாவின் நாற்காலியைப் போட்டாள். பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி நாற்காலிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்குவாள். ஒரு நாள் இதைப் பார்த்த பக்கத்துத் தோட்டத்து அக்கா, "ஏனக்கா, உசுரோட இருக்கற மனுசனோட சேருக்கு ஆராச்சும் வெளக்கு வெப்பாங்களா?" என்று கேட்டுவிட்டார். அம்மா விளக்கை எடுத்து அப்பால் வைத்தாள். அன்றிலிருந்து கேசட்டைக் கேட்டு முடித்து, நாற்காலியைத் திருப்பி வைத்த பிறகுதான் விளக்கேற்றினாள்.

அந்த நாட்களில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எருமை, கட்டுத்தறி, அம்மா, அப்புறம் அந்தக் குரல். சொன்னதையேதான் சொல்லும், ஆனாலும் ஒவ்வொரு நாளும் நான் பதில் சொல்லுவேன்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்ன அப்பா அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார். கையில் துணிப்பெட்டியோடு வாசலில் நின்று, "சாமி" என்றார். குரல் கரகரவென்று உடைந்தது, உடனே ஒரு இருமல். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த அப்பா வழவழவென்று பேசுகிறவர், இவர் யாரோ என்று இருந்தது. சாயந்திரம் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தபோதும் கிட்டப் போகவில்லை. பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைக் கவனித்துவிட்டு, அதைத்தான் போடேன், நானும் கேட்கிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்று கண் காட்டினாள். அவர் தானே பொத்தானை அமுக்கினார்.

நாற்காலியில் ஒரு அப்பா இருமிக்கொண்டிருக்க, அதே இடத்தில் இன்னொரு அப்பா சொகமாகப் பேசினார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசறான். என்னைய அனுப்பிச்சுட்டு இவனையே வெச்சுக்கலாமாட்ட இருக்குது" என்று சிரித்தார். சிரிப்பும் இருமலில் முடிந்தது. அப்புறம் செட்டை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார். "அவன் பேச்சு தூரத்துல இருந்தாத்தான் கேக்கும். எம் பேச்சு கிட்ட வந்தாத்தான் சாமி கேக்கும். வா."

போனேன். என் காதைத் தன் நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டார். உள்ளே மணல் அசைந்தது, கடையில் இரண்டாவது ஜோடியில் கேட்ட அதே மணல். போர் போடும்போது பறக்கிற பாறைத் தூசி போய்ச் சேரும் இடம் அந்த நெஞ்சுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் பெரியவளான பிறகு ஒரு நாள் அம்மா சொன்னாள்: "அன்னைக்குக் கடையிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு சாமி. நீ பயந்துக்குவியேன்னு நீ கேக்கறதுக்கு நல்ல பொட்டியா வாங்குனேன். மலையேறிக் கும்புட்டுட்டு, உங்க பெரியப்பாகிட்டச் சொல்லி, கடுதாசி போட்டு உங்கப்பாவ வரச் சொன்னேன்." அப்பா அப்புறம் ரிக்குக்குப் போகவில்லை. என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார், பேரனை மடியில் வைத்துக் காது குத்தினார். ஆண்டவன் கொடுத்தது அவ்வளவு.

இப்போது நான் சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். அப்பா இல்லை, அம்மா இல்லை, என் வீட்டுக்காரரும் போய்விட்டார். மகன் வெளிநாட்டிலிருந்து போனில் துண்டு துண்டாகப் பேசி அனுப்புகிறான், சமைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பா பேசின அந்தக் கேசட்டைப் 'பென்டிரைவ்' ஆக்கிக் கொடுத்ததும் அவன்தான். பழைய பெட்டிகளின் துணியைக் கரப்பான் தின்று, உள்ளே இருந்த ஸ்பாஞ்சு வளையம் புட்டு மாவாக உதிர்ந்துவிட்டது.

போன மாதம் புதுசு வாங்கக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி ஒரு ஜோடியைக் காட்டி, "காதுக்கு ரொம்ப ஸ்மூத்தா இருக்கும்மா" என்றான். அப்பாவைப் போட்டுக் கேட்டேன். வழவழவென்றுதான் இருந்தது. வேறு காட்டச் சொன்னேன். இன்னொன்றை மாட்டினான், இருமல் வந்தது, இருமலுக்குப் பின்னால் மணல் வந்தது. தம்பி சங்கடப்பட்டு, "ரெக்கார்டிங்கில ஏதோ கொரகொரன்னு இருக்குதும்மா, இதுல அப்படியே காட்டிக் குடுத்துரும்" என்றான். இதையே கட்டுப்பா என்றேன்.

வீட்டில் சாமி மாடத்துக்கு இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன். படத்தை இந்தத் தடவை நகர்த்தவில்லை. நாற்காலிக்கு வேலையில்லை. பொழுது சாய்ந்ததும் முதலில் விளக்கேற்றுகிறேன், அதற்கு இப்போது யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு பொத்தானை அமுக்கிவிட்டுப் படத்துக்குக் கிட்டே, காதை வைத்துக்கொள்கிற தூரத்தில் போய் நிற்கிறேன்.